நிரப்ப இடமில்லாத வரி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்கிறேன், பின்னால் நடந்ததை முன்னால் சொல்கிறேன் என்று மகள் திருத்துகிறாள். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வாய் திறக்க எனக்கு எப்போதும் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் வீட்டுக்காரர் பல வருஷம் போட்ட ஒரு கணக்கைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அதில் இருக்கும் குறிகள் எல்லாம் என் கையெழுத்து.

திருச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நேரே ஹைதராபாத் வந்தேன். குஷாய்குடாவில் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரிக்காரர்களுக்குக் கட்டிய குவார்ட்டர்ஸில் எங்களுக்கு ஒரு வீடு. அவருக்கு டெஸ்டிங் செக்‌ஷனில் வேலை. வேலை பார்த்துக்கொண்டே யுனிவர்சிட்டியில் கணிதத்தில் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்து வைத்திருந்தார். அனுமதி கேட்டபோது மேலதிகாரி, "இதனால பேக்டரிக்கு என்ன லாபம்?" என்று கேட்டாராம். இவர், "ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். உண்மையைச் சொன்னதாலோ என்னவோ, அனுமதி கிடைத்தது.

அந்தக் காலத்தில் கணக்கு ஆராய்ச்சிப் புத்தகம் டைப் அடிப்பது தனி வேலை. செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கம் ஒரு டைப்பிஸ்ட் இருந்தார். இங்கிலீஷ் வார்த்தைகளை மட்டும் அடித்து, குறி வரும் இடங்களை எல்லாம் காலியாக விட்டுக் கொடுத்துவிடுவார். அவர் மிஷினில் அந்த எழுத்துகள் கிடையாது. காலி இடங்களைக் கறுப்பு மையால் கையாலேயே நிரப்ப வேண்டும். பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் அவர்களே நிரப்பிக்கொள்வது வழக்கம். என் வீட்டுக்காரருக்கு வலது கை நடுங்கும். காபி டம்ளரைக் கொடுத்தால் டவராவில் மோதிச் சத்தம் போடும். அதனால் அந்த வேலை எனக்கு வந்தது.

"உன் எழுத்து குண்டு குண்டா நல்லாத்தானே இருக்கு. பாத்து வரைஞ்சுடு," என்றார்.

"எனக்கு இதெல்லாம் படிக்கவே தெரியாதுங்க."

"படிக்க வேணாம். வரைஞ்சாப் போதும்."

பென்சிலால் அவர் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதுவேன். குறிகளின் பெயர் தெரியாததால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஒன்று நீளக் கொக்கி. ஒன்று வாலைத் தூக்கின மீன். ஒன்று எண்ணெய்க் கரண்டி. அந்தக் கரண்டிதான் அடர்த்தி என்று அவர் சொன்னார். அவர் பஸ் ஏறிப் போன பிறகு, சமையல் முடித்து, மத்தியானத்தில் உட்காருவேன். தப்பாகப் போட்டிருந்தால் சாயங்காலம் வந்து பென்சிலால் வட்டம் போட்டு வைப்பார். கோபித்துக்கொள்ள மாட்டார்.

இது என்ன கணக்கு என்று ஒருநாள் கேட்டேன். குவார்ட்டர்ஸில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் திறப்பார்கள், மூடுவார்கள். மூடும்போது சுவருக்குள் குழாய் 'டொக்' என்று அடிக்கும். அன்றைக்கும் அடித்தது.

"அந்தச் சத்தம் கேக்குதில்ல? அதுதான்," என்றார். "ஓடுற தண்ணியைப் பட்டுனு நிறுத்தினா அழுத்தம் ஒரு இடத்துல குதிக்குது. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. சரியா அந்த இடத்துல என்னன்னு கேட்டா பதில் கிடையாது. சமன்பாடு அங்க வந்து நின்னுடும்."

"நின்னுட்டா என்ன பண்றது?"

"அந்த ஒரு புள்ளியைக் கேக்கக் கூடாது. சுத்தி ஒரு துண்டு இடத்தை எடுத்துக்கணும். உள்ள வந்தது எவ்வளவு, வெளிய போனது எவ்வளவு, கூட்டிப் பாத்தா சரியா வருதான்னு கேக்கணும். எந்தத் துண்டை எடுத்தாலும் சரியா வந்துச்சுன்னா அதுவும் தீர்வுதான். வீக் சொல்யூஷன்னு பேரு."

குழாய்த் தண்ணீருக்கு இதை முன்னமே யோசித்திருக்கிறார்களாம். இவர் எடுத்துக்கொண்டது வெளிச்சத்தின் வேகத்துக்குக் கிட்டத்தில் ஓடும் ஓட்டம். நட்சத்திரத்துக்குள் அப்படி இருக்குமாம். அங்கே குதிப்பு வந்த பிறகும் தீர்வு என்று ஒன்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. என்ன தீர்வு என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை, இருக்கிறது என்று காட்டினால் போதும் என்றார். இருக்கிறது என்று காட்டவா இத்தனை தாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

என் கொழுந்தனார் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவார். அவருக்கு இந்தக் கணக்கு என்றால் கேலி. ஹைதராபாத் உருது அவர் பேச்சில் கலந்து வரும், ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'.

"கைக்கு அண்ணே, எதுக்கு இந்தத் தலைவலி? அதான் வீக்குன்னு நீயே சொல்றியே, ஸ்ட்ராங்கா ஒண்ணு கண்டுபிடியேன்."

"டீயாடா இது, ஸ்ட்ராங்கா போட்டுத் தர?"

"டீன்னா அண்ணி போட்டுடுவாங்க. உன் கணக்கைத்தான் யாரும் குடிக்க முடியல."

இன்னொரு கேலிக்கும் அவருக்கு இடம் கிடைத்தது. காலனி கிளப்பில் தம்போலா ஆடுவார்கள், நம்பர் போட்ட வில்லைகளைக் குலுக்கி எடுத்துக் கத்தும் ஆட்டம். பழைய தம்போலா வில்லைகளை ஒரு துணிப் பையில் போட்டு இவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ஓட்டத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த இடத்தின் அளவை எடுத்துக்கொள்வது என்பதைக் குருட்டாம்போக்கில்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். அவர் கையாண்ட முறை அது. மகள் பைக்குள் கைவிட்டு வில்லையை எடுத்துக் கிளப்பில் கத்துவது போலவே நம்பரைக் கத்துவாள். இவர் கட்டத்தாளில் புள்ளி வைப்பார்.

"நல்லா இருக்கு. சாமி முன்னாடி பூக்கட்டிப் பாக்கலாம்னா மூடநம்பிக்கைம்ப. இங்க லாட்டரி ஓட்டுற," என்றார் கொழுந்தனார். எங்கள் பக்கத்தில் எதையாவது முடிவு பண்ண முடியாவிட்டால் சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன் போட்டு, குழந்தையை எடுக்கச் சொல்வோம். எது வந்ததோ அது சாமி சொன்னது. அதைத்தான் சொன்னார்.

"பூக்கட்டுறப்ப ஒரே ஒரு தடவை எடுத்து அதை நம்புறீங்க," என்றார் இவர். "நான் திரும்பத் திரும்ப எடுக்கறேன். எது வந்தாலும் கடைசியில ஒரு தீர்வுக்கிட்டதான் போய்ச் சேரும்னு காட்டப் பாக்கறேன். அந்த ஒரு வில்லைல ஒண்ணும் இல்லடா."

நாலு அத்தியாயம் சில வருஷங்களிலேயே முடிந்துவிட்டது. அது சாதுவான ஓட்டத்துக்கு. அழுத்தமும் அடர்த்தியும் ஒரே விகிதத்தில் கூடிக் குறையும் ஓட்டத்தை அவர் அப்படித்தான் சொல்வார். ஒரு குதிப்பும் இன்னொரு குதிப்பும் மோதினால் புதிதாகக் குதிப்புகள் பிறக்கும். மொத்தக் குதிப்பு கூடிக்கொண்டே போனால் கணக்கு நிற்காது. கூடவில்லை என்று காட்ட வேண்டும். சாதுவான ஓட்டத்தில் காட்டிவிட்டார். அதோடு கொடுத்தால் பட்டம் கிடைக்கும் என்று அவருடைய பேராசிரியர் சொன்னார். இவர் கேட்கவில்லை. எல்லா ஓட்டத்துக்கும் காட்டி, ஐந்தாவது அத்தியாயமும் சேர்த்துத்தான் கொடுப்பேன் என்றார். அதற்காகப் பிரமோஷனோடு வந்த டிரான்ஸ்பரையும் வேண்டாம் என்றார். கொழுந்தனார் அன்றைக்கு மட்டும் கேலி செய்யவில்லை. சாப்பிடாமல் போய்விட்டார்.

கடைசியில் ஐந்தாவதும் முடிந்தது. டைப் அடித்து வந்தது. நான் நிரப்ப ஆரம்பித்தேன்.

ஒருநாள் சாயங்காலம் பேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். தூங்குகிறார் என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்திருக்கிறார். ஸ்டாப் வந்தும் எழுந்திருக்கவில்லை. சொல்ல வந்தவர்கள் வாசலில் நின்றபோது நான் ஒரு நீளக் கொக்கியில் பாதியில் இருந்தேன். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டேன். கொக்கியை முடித்து, பேனாவை மூடிவிட்டு எழுந்தேன். அந்தப் பக்கத்தை இப்போது எடுத்துப் பார்த்தாலும் எது அந்தக் கொக்கி என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன.

நான் அழவில்லை. அழ வைக்க வந்தவர்கள் அழுது முடித்துப் போனார்கள். அப்போது எப்படி இருந்தீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டியிருக்கிறேன். ரேஷன் வாங்கியிருக்கிறேன். வெயிலுக்கு முன்னால் கூலருக்குப் புது வெட்டிவேர்த் தட்டி போட்டிருக்கிறேன். பேக்டரியில் கருணை அடிப்படையில் ஸ்டோர்ஸில் தண்ணீர் வைக்கும் வேலை கொடுத்தார்கள், அதே பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். அந்த மாதங்களைக் கூட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் வருகிறது.

காரியம் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு மிச்சப் பக்கங்களை எடுத்தேன். காலி இடங்கள் இருந்தன, அதனால் நிரப்பினேன். மகள் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, இதி எந்துக்கு இப்புடு?" என்று தெலுங்கில் கேட்டாள். இது இப்போது எதற்கு என்று. பாதியில இருக்கு என்றேன். முடித்து, கொழுந்தனார் மூலமாகப் பேராசிரியரிடம் கொடுத்து அனுப்பினேன்.

சில மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளில் பேராசிரியர் ஸ்கூட்டரில் வந்தார். தெலுங்குக்காரர். மெட்ராஸில் படித்ததால் தமிழ் பேசுவார். நான் கொடுத்தனுப்பிய தாள்கட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். கொழுந்தனாரும் அன்றைக்கு வந்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்று பேராசிரியர் ஆரம்பித்தார். "நாலு அத்தியாயம் கல்லு மாதிரி நிக்குது. அஞ்சாவதுல ஒரு இடம். பெரிய குதிப்பு ஒண்ணு போயிட்டிருக்கு, பின்னாலேர்ந்து சின்னது ஒண்ணு வந்து முட்டுது. அப்ப மொத்தம் கூடாதுங்கறார். ஏன் கூடாதுன்னு எழுதல. 'சுலபமாகக் காணலாம்'னு ஒரு வரி போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டார். எனக்கு அது சுலபமா காணலம்மா. நானும் எத்தனையோ விதமாப் போட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப தப்புங்கறீங்களா?" என்றார் கொழுந்தனார்.

"லேது, லேது. தப்புன்னு சொல்ல மாட்டேன். தெரியலைங்கறேன். அவர் மனசுல ஏதோ இருந்திருக்கும். கேக்க ஆள் இல்ல."

அந்த வரி எங்கே என்று கேட்டேன். பேராசிரியர் விரல் வைத்துக் காட்டினார். முழுக்க டைப் அடித்த இங்கிலீஷ் எழுத்து. ஒரு குறிகூட இல்லை. அந்தப் பக்கத்தில் மேலேயும் கீழேயும் என் மை இருக்கிறது. அந்த வரியில் நான் நிரப்ப வேண்டிய இடமே இல்லை. அதனால் அதை நான் பார்த்ததே இல்லை.

பட்டம் இனி முடியாது, வந்து நின்று பதில் சொல்ல ஆள் வேண்டும் என்றார் பேராசிரியர். ஆனால் இரண்டு வழி இருக்கிறது. நாலு அத்தியாயத்தை மட்டும் சுருக்கி, சாதுவான ஓட்டத்துக்குத் தீர்வு இருக்கிறது என்று அவர் பெயரில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பலாம். எல்லா ஓட்டத்துக்கும் என்ற பேச்சே அதில் வராது. இல்லையென்றால் முழுசையும் அப்படியே வைத்திருக்கலாம். யாராவது அந்த வரியை நிரப்பினால் பெரிய விஷயம், பெயர் நிற்கும். நிரப்பாவிட்டால் நாலும் சேர்ந்து போகும்.

"நீங்கதான் சொல்லணும்மா," என்றார்.

என்னைப் போய்க் கேட்கிறாரே என்று இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிறு திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்கூட்டர் சத்தம் போன பிறகு கொழுந்தனார் எழுந்து நின்றுகொண்டார்.

"நக்கோ அண்ணி. வேணவே வேணாம். நாலோட நிறுத்தறதுன்னா அண்ணன் அன்னிக்கே நிறுத்தியிருப்பாரு. டிரான்ஸ்பரை விட்டாரு, எல்லாத்தையும் விட்டாரு, அந்த அஞ்சாவதுக்குத்தானே? இப்ப அதை வெட்டிப் போட்டுட்டு அனுப்புனா என்ன அர்த்தம்?"

"நீங்கதான் இது எதுக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"கேட்டேன். அவரு இருக்கறப்ப கேட்டேன்." பேராசிரியர் போன பக்கம் கையைக் காட்டினார். "அவரு சுலபமாக் காணலாம்னா காணலாம்தான் அண்ணி. இவருக்குத் தெரியலைன்னா இவரு கண்ணு சரியில்ல."

எனக்கு எந்தப் பக்கமும் மனசு போகவில்லை. மனசு என்று ஒன்று இருந்த மாதிரியே தெரியவில்லை. ஞாயிறு வந்தது. பேராசிரியர் வருவதற்கு முன்னாலேயே கொழுந்தனார் வந்துவிட்டார், கையில் பூவோடு. சிவப்பு அரளி, வெள்ளை நந்தியாவட்டை. அவரே இரண்டு பொட்டலம் கட்டினார். வெள்ளை வந்தால் நாலை அனுப்புவது, சிவப்பு வந்தால் முழுசையும் வைத்திருப்பது. விளக்கு ஏற்றி, சாமி படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டு, மகளைக் கூப்பிட்டார்.

"எடு கண்ணு. கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு எடுத்து அம்மாகிட்ட குடு."

அவள் எடுத்தாள். வில்லை எடுத்த பழக்கத்தில் கத்தப் போய், வாயை மூடிக்கொண்டாள். என் கையில் வைத்தாள். காகிதப் பொட்டலம், உள்ளே ஈரம்.

"பிரிங்க அண்ணி."

மகள் என்னைப் பார்த்தாள். "ஒக்கசாரி தீஸ்தே சாலதுன்னு அப்பா சொல்வார் இல்லம்மா? ஒரு தடவை எடுத்தா போதாதே. திரும்பத் திரும்ப எடுக்கணுமே."

நான் பிரிக்கவில்லை. பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிவப்பு வந்தால் என்ன, வெள்ளை வந்தால் என்ன என்று எண்ணிப் பார்த்தேன். சிவப்பு வந்தால் இந்தக் கட்டு பீரோ மேல் ஏறும். வெள்ளை வந்தால் ஐந்தாவது மட்டும் பீரோ மேல் ஏறும். இரண்டிலும் அந்த வரி இங்கேயேதான் இருக்கும். யாராவது வந்து கண்டால் காணலாம். அதற்காக நிற்கிற நாலையும் உடன் வைத்துப் பூட்ட வேண்டாம் என்று பட்டது. இதை இவ்வளவு தெளிவாக அப்போது நினைத்தேனா, இப்போது எழுதும்போது சேர்த்துக்கொள்கிறேனா, தெரியவில்லை.

"நாலை அனுப்பச் சொல்லப் போறேன்," என்றேன்.

"பிரிக்காமலேயா? அப்புறம் கைக்கு இந்தப் பூ, இந்த விளக்கு?"

"எது வந்தாலும் நாலை அனுப்பத்தான் சொல்லப் போறேன் தம்பி."

அவர் சாமி முன் மிச்சம் கிடந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். எனக்குத் தெரியாமல் திரும்பி நின்றுதான் பிரித்தார். பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்ன பூ என்று நானும் கேட்கவில்லை, அவரும் கடைசிவரை சொல்லவில்லை. என் கையில் இருந்ததைச் சாயங்காலம் துளசிச் செடியில் பிரிக்காமலேயே போட்டேன்.

பேராசிரியர் வந்தார். சொன்னேன். தலையை ஆட்டினார். தலைப்பை மாற்ற வேண்டும், புதிதாக டைப் அடிக்க வேண்டும் என்றார். "குறி எல்லாம் நீங்களே போட்டுத் தாங்கம்மா. வேற யார் போட்டாலும் அவர் எழுதின மாதிரி இருக்காது," என்றார். போட்டுக் கொடுத்தேன். கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார்: மற்ற ஓட்டங்களுக்கு என்ன என்பது தெரியவில்லை என்று. அதிலும் குறி இல்லை. இந்த முறை அதைப் பார்த்தேன்.

ரொம்ப நாள் கழித்து அச்சில் வந்தது. சின்னப் பத்திரிகை. மேலே அவர் பெயர், பக்கத்தில் காலமானவர் என்பதற்கு ஒரு சிலுவை போட்டிருந்தார்கள். கொழுந்தனார் அதைப் பார்த்து, "நம்மள கிறிஸ்டியன் ஆக்கிட்டாங்களே அண்ணி," என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் போன பிறகு அவர் முதல்முறை சிரித்தது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. என் கொக்கியும் மீனும் கரண்டியும் அச்சு எழுத்தாக மாறியிருந்தன. யார் எழுதியது என்று இனிமேல் தெரியாது.

இப்போது அல்வாலில் மகள் வீட்டில் இருக்கிறேன். கொழுந்தனாரும் போய்விட்டார், பேராசிரியரும் இல்லை என்று கேள்வி. பேரப் பிள்ளைகள் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறார்கள். இங்கே குழாய் அடிப்பதில்லை, மேலே டேங்க் இருக்கிறது. ஐந்தாவது அத்தியாயம் மட்டும் என் பீரோ மேல் பாலிதீன் பையில் இருக்கிறது. மை கொஞ்சம் பழுப்பாகிவிட்டது, படிக்க முடிகிறது.

இதில் கணக்கைப் பற்றி நான் எழுதியதெல்லாம் அவர் எனக்குப் புரியட்டும் என்று சொன்னது. அவர் சரியாகச் சொல்லி நான் மாற்றி எழுதியிருக்கலாம். சாதுவான ஓட்டம் என்பதும் அவர் எனக்காக வைத்த பெயர்தான், புத்தகத்தில் வேறு பெயர் இருக்கும். கணிதம் படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்த வேண்டும். அப்படியே வீட்டுக்கு ஒரு தடவை வந்து, அந்தப் பக்கத்தையும் பார்த்து, பெரிய குதிப்பைச் சின்னது பின்னாலிருந்து முட்டினால் மொத்தம் கூடுமா கூடாதா என்று எனக்குச் சொன்னால் நல்லது. எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.